அத்தை அழுக்குன்னு சொன்ன தோசைக்கல்லு

அம்மாவோட கருமாதி அன்னிக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கிறப்ப, அப்பாவோட அக்கா எங்க குசினிக்குள்ள போயி தோசைக்கல்லைத் தூக்கிட்டு வந்தாங்க.

"பாருங்கலா, எவ்ளோ கரி! செத்தவளச் சொல்லக்கூடாது, ஆனா ஒரு நாளாவது இதைக் கழுவியிருப்பாளா? இந்த அழுக்குலதான் ஊருக்கே தோசை சுட்டுப் போட்டிருக்கா."

ரெண்டு மாமாங்க சிரிச்சாங்க. அப்பா தலையக் குனிஞ்சிக்கிட்டாரு.

"நானே தேய்ச்சு வச்சுக்குறேன். இவனுக்கு என்னாத்துக்கு? சுடுதண்ணி வைக்கவே தெரியாது"ன்னு என்னையக் காட்டிட்டு, கல்லைக் காடி பின்சீட்டுல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. துக்க வீடுன்னு நான் எலை எடுக்கப் போயிட்டேன்.

அது அழுக்கே இல்ல. அம்மா எங்க ஊரு புக்கிட் செலம்பாவ்ல ரோட்டோரம் தோசை போட்டுச்சு. கடைய மூடுனா துணியால தொடைக்கும், சோப்பு படவே விடாது. எண்ணெய் காஞ்சு காஞ்சு புடிச்ச கருப்பு அது. அந்தக் கருப்புதான் தோசையக் கழட்டி விடும். நான் மூணாம் பாரத்தோட படிப்ப விட்டவன், எனக்கே தெரியும்.

வருசத் திதிக்கு அதே கல்லுல சுட்டு, அதே ஆளுங்க முன்னாடி, அத்தை எலையில வைக்கணும். அம்மா செத்த பெறகு எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஒரு நாளு அப்பா குடுத்த வாழத்தார எறக்க அத்தை ஊரு திகாம் பத்துவுக்குப் போனேன். அத்தை வீட்டுப் பின்னால கோழிக் கூட்டு மேல மூடியா ஒரு கல்லு, செவப்பா துரு.

"அம்மாவோடதா அத்தை?"

"இல்லடா, எங்க மாமியாவோடது. உங்கம்மாவோடத பத்திரமா உள்ள வச்சிருக்கேன்."

துரு புடிச்சா எல்லாக் கல்லும் ஒண்ணுதான். திருப்பிப் பாத்தேன். அடியில வெரல் நீளத்துக்குத் தழும்பு, இரும்ப ஊத்தி வார்த்த எடம். பழைய கல்லுல எல்லாம் அது இருக்கும், அத வச்சு சொல்ல முடியாது. சிமெண்டுத் தரையில வச்சு அமுக்குனேன். ஆடுச்சு. அம்மா கல்லும் ஆடும், பால் டின் மூடிய மடிச்சு முட்டுக் குடுத்துதான் சுடும். டின்னு ஒரசி வழவழன்னு ஆன எடம் துருவுக்குள்ளயும் கைக்குத் தெரிஞ்சிச்சு.

பல்லக் கடிச்சிக்கிட்டு சிரிச்சேன். "வேணாம்னா நான் எடுத்துக்குறேன் அத்தை."

"எடுத்துட்டுப் போ. பழைய இரும்புக்காரனே வேணாம்னுட்டான்."

வீட்டுல கயித்துல தொங்க விட்டு ஸ்பேனரால தட்டுனேன். கணீர்னுச்சு, விரிசல் இல்ல. வினிகர்ல தண்ணி கலந்து ஊற வச்சேன். அப்பப்ப எடுத்துப் பாக்கணும், இல்லன்னா இரும்பையே தின்னுடும். கம்பி பிரஷ்ஷால தேய்க்கிறப்ப அத்தை மூஞ்சிய நெனச்சிக்கிட்டேன். துரு வேகமா போச்சு.

கழுவி உடனே அடுப்புல காய வச்சு எண்ணெய் தடவுனேன். மொத தடவ அதிகமாத் தடவிட்டேன், கோந்து மாதிரி பிசுபிசுன்னு ஆயிருச்சு. சொரண்டிட்டு மறுபடி ஆரம்பிச்சேன். எண்ணெயத் தடவி, தடவுனதே தெரியாத அளவுக்குத் தொடச்சு, பொகை அடங்குற வரைக்கும் சூடு. ஆற விட்டு, திரும்பவும். மொத தோசை செவுத்துல ஒட்டுன போஸ்டர் மாதிரி கிழிஞ்சு வந்துச்சு.

"உங்கம்மா பாத்தா சிரிப்பாடா"ன்னாரு அப்பா. சொல்லிட்டு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு.

தெனமும் சுட்டுச் சுட்டுக் கல்லு பழகிருச்சு. திதி அன்னிக்கு மொத தோசை அம்மா படத்துக்கு. அடுத்தது அத்தைக்கு.

"அட, ஒட்டாம வந்திருக்கே! புதுக் கல்லாடா?"

"உங்க கோழிக் கூட்டு மூடி அத்தை. அம்மா கல்லுதான். நீங்க தேய்ச்சு எடுத்தீங்களே அழுக்கு, அதைத்தான் திரும்பப் புடிக்க வச்சேன்."

அதே ரெண்டு மாமாங்க சிரிச்சாங்க. அத்தை கை எலையில அப்பிடியே நின்னுருச்சு. எவ்ளோ நாளா காத்திருந்த மூஞ்சி! நல்லாப் பாத்தேன்.

தலைய நிமித்தாம சொன்னாங்க: "எனக்குப் பல்லு சரியில்லன்னு உங்கம்மா எனக்கு மட்டும் மெத்துனு சுட்டுத் தருவா."

அது எனக்குத் தெரியாது. கல்லுல அடுத்த மாவ ஊத்துனேன். நல்லா மொறுகுற வரைக்கும் விட்டு, அவங்க எலையிலயே வச்சேன்.