களவெட்டிக்கு வந்த விதானை

ஜவுபருக்கு உலகத்தில ஒரே ஒரு ஆசை. வட்டவிதானையாக வேணும்! வாய்க்கால் தண்ணிக்கு அதிகாரி. குடையை விரிச்சுக்கொண்டு வரம்பால வந்தா வயல் சொந்தக்காரப் போடிமாரே ஒதுங்கி வழி விடுவாங்க. ஒரு துண்டு வயலும் சொந்தமில்லாத கல்முனைக்குடிக்காரனுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடத்தான். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். மனுசனுக்குச் சோத்திலயும் விதானை, கனவிலயும் விதானை.

ஐம்பத்திரெண்டாம் வருசம் அபுல் ஹஸன் போடியார் அவனை நம்பி முதல்முதலா வயல் செய்யக் கொடுத்தார்.

"அறுத்துக் குவிச்ச சூட்டை நல்லபடி மிதிச்சு முடி ஜவுபர். பொறகு வயற்காரர் கூட்டத்தில விதானையைத் தெரியக்குள்ள ஒனக்காக முதல் கை தூக்கிற ஆள் நான்தான்."

போதாதா? சூடு மிதிக்கிற அண்டைக்கு ஜவுபர்ர கால் நிலத்தில படல்ல. எருமைகள் சுத்துது, வைக்கோல் பறக்குது, நடுவில நெல்லு மலையாட்டம் குவியுது!

சூடு மிதிக்கிற களவெட்டி எண்டா சும்மா இடமில்ல கண்டீங்களா. அங்க வாய்க்கு வந்தபடி கதைக்க ஏலாது. நெல்லை நெல்லு எண்டு சொன்னா பூதம் கேட்டு வாரிக்கொண்டு போயிரும். "பொலி" எண்டுதான் சொல்லோணும். எருமை எண்டாலும் குத்தம், அது "வாரிக்காலன்". நாய்க்கு மட்டும் களவெட்டிப் பேர் இல்ல. நாயை அங்க அண்ட விட்டாத்தானே பேர் வைக்கிறதுக்கு?

அண்டைக்கு வந்திச்சு! வாய்க்காலில விழுந்தெழும்பின கறுத்தக் கடுவன் நாய் ஒண்டு, தண்ணி சொட்டச் சொட்ட, நேரா பொலியைப் பார்த்து ஓடி வருது. ஈர நாய் பட்டா நஜீஸ், மார்க்கத்தில அசுத்தம். ஒரு கோப்பையெண்டா கழுவி எடுக்கலாம், இந்த மலையை எந்தக் கடலில கொண்டுபோய்க் கழுவுற? ஜவுபர் நிண்டது தூரத்தில. பொலிக்குப் பக்கத்தில நிண்ட ஆக்கள் எல்லாரும் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறாங்க. கத்தோணும். எதைச் சொல்லிக் கத்துற? நாயெண்டு சொன்னா பூதம், சொல்லாட்டி நஜீஸ். அல்லாவே, வெண்ணெய் திரளக்குள்ள தாழி உடையப் போகுதே! வாயைத் திறந்தான். ராப்பகலா நாக்கு நுனியில குந்தியிருந்த சொல்லு வெளியில பாஞ்சிச்சு.

"விதானை வாறார்! விதானை!"

விதானை எண்டா ஆருதான் திரும்பாம இருப்பாங்க? திரும்பினாங்க, நாயைக் கண்டாங்க, கம்பைத் தூக்கிக்கொண்டு துரத்தினாங்க. ஒரு முழத்தில பொலி தப்பிச்சு. அல்ஹம்துலில்லாஹ்!

"எந்த விதானை ஓய் வாறார்?" எண்டு பின்னால ஒரு குரல்.

வரம்பில குடையோட நிண்டது உண்மையான வட்டவிதானை, கனகரெத்தினம். ஜவுபருக்குப் பாதி உசிர் போயிட்டு. அந்த மனுசன் ஓடுற நாயைப் பார்த்தார், ஜவுபர்ர முழியைப் பார்த்தார்.

"ஓ, அவரா? அவர் என்னை விடச் சுறுக்கு. கூப்பிட முந்தியே வந்திட்டார்" எண்டு சொல்லி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

அவர் கோவிச்சிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். சிரிச்ச மனுசன் போன வயலெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அடுத்த போகத்துக்குள்ள கல்முனையில இருந்து நிந்தவூர் வரைக்கும் நாயெல்லாம் விதானை! "அந்த விதானைக்கு ஒரு எலும்பு போடு மனே" எண்டு பொம்புளைகள் சொல்ல, தெருவில பொடியனுகள் "விதானை, இஞ்ச வா" எண்டு கூப்பிட, வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிக்கும்.

கனகரெத்தினம் வயசாகி விலகினார். மருத மரத்தடியில கூட்டம். போடியார் சொன்ன சொல் தவறல்ல, முதல் கை அவருடையது. பொறகு பார்த்தா கூட்டம் முழுக்கக் கை! ஜவுபருக்குக் கண் கலங்கி ஒண்டும் தெரியல்ல.

போடியார் சந்தோசத்தில தொண்டை கிழியக் கத்தினார்: "விதானை! வாங்க விதானை, முன்னுக்கு வாங்க!"

மரத்தடியில படுத்துக் கிடந்த நாய் மூணும் எழும்பி, வாலை ஆட்டிக்கொண்டு, ஜவுபருக்கு முந்தி வந்து நிண்டிச்சு.

கூட்டம் வெடிச்சுச் சிரிச்சிச்சு. தவளை தன் வாயால கெடும் எண்டு சும்மாவா சொன்னாங்க! காது சுட்டாலும் ஜவுபர் புதுக் குடையை விரிச்சார். போடிமாரெல்லாம் ஒதுங்கி வழி விட்டாங்க. நாய் மூணும் விடல்ல.

"சரி, நீங்கதான் எனக்கு மூத்த விதானைமார்" எண்டார் ஜவுபர். "முன்னுக்கு நடங்க. நான் பின்னால வாறன்."