டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே

மெக்கானிக் என் கார் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துக்கொண்டு, "செத்த ஏறி உக்காருங்க சார்" என்றான். கிரீஸ் மணத்தது. கதவில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ராஜபாளையத்தில், யாரோ ஸ்டைலுக்காகத் தாழ இறக்கியிருந்த பழைய பிக்கப்பை அப்பா வாங்கியிருந்தார். பாரம் ஏற்றினால் டயர் உரசும். ஒருநாள் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்து உயர்த்தினார். பாரத்துக்காக அம்மாவையும் என்னையும் பின்னால் உட்காரவைத்தார். "ஆடாம இருங்க" என்று சக்கரத்தருகே படுத்து, இடைவெளிக்குள் விரல்களை விட்டு அளந்தார்.

அப்போது மில்லிலிருந்து பெரியப்பா வந்தார். பெருத்த உடம்பு. கீழே படுத்திருந்த அப்பாவை அவர் கவனிக்கவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கா? நானும் வாரேன்" என்று பம்பரில் காலை வைத்தார்.

அவர் ஏறினால் வண்டி தாழ்ந்து அப்பாவின் விரல்கள் நசுங்கிவிடும். அம்மாவோ அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் என்னைத்தான் அனுப்புவாள்.

"ஏறாதீய."

அம்மாதான். பெரியப்பா திகைத்துக் காலை எடுத்துவிட்டார். அப்பாவின் கை முழுசாக வெளியே வந்தது.

"யாரு வந்திருக்கா?" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா வந்திருக்காவன்னு சொல்லு."

"சார், ஏறுங்க" என்று மெக்கானிக் மறுபடியும் கூப்பிட்டான்.

"மொதல்ல கைய எடுப்பா" என்றேன்.