ஒரு பருவம் விளையாடியவரும் என் கிண்ணமும்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் இங்கிலாந்துக்காரர். வயது தொண்ணூறை நெருங்குகிறது. டேனிஷ் பெண்ணை மணந்து இங்கே வந்தவர். நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். இளவயதில் தன் ஊர் அணிக்காக ரக்பி லீக் விளையாடியிருக்கிறார். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடும் ரக்பி அல்ல இது. சுரங்கத் தொழிலாளர்களின் விளையாட்டு. ஒரே ஒரு பருவம். வலது தோள்மூட்டு நொறுங்கியது, அதோடு சரி.

அந்த ஒரு பருவத்தை வைத்தே மனிதர் வாழ்நாள் முழுவதும் ஓட்டிவிட்டார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதே தொழிற்சாலையில் தரை கூட்டத் தொடங்கி, பிறகு சொந்தத் துப்புரவு நிறுவனம் நடத்தி, எட்டு வான் வண்டி ஓடவிட்டவன். இந்த ஊரில் என் ஆட்கள் துடைக்காத கண்ணாடி குறைவு. என்ன பயன்? அன்றைக்குத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் அவர் பக்கம்தான் கதிரையைத் திருப்புவார்கள். இன்றைக்கு என் வீட்டில் வடை சுட்டால் முதல் தட்டு வேலிக்கு அப்பால் போகிறது.

"அந்த மனுசன் கதைச்சால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். உங்கட வான் கதையை எத்தினை தரமப்பா கேக்கிறது?" என்கிறாள் என் மனைவி.

ஒவ்வொரு கோடையும் ஹேர்னிங் நகரில் எங்கள் தமிழ்ச் சனத்தின் விளையாட்டுப் போட்டி நடக்கும். கபடிக் கிண்ணம் என் செலவு. மேடையில் அதைக் கொடுப்பதும் நான்தான். போன கோடையில் போட்டி நடத்தும் தமிழ் மன்றத்துப் பெடியன் ஒருவன் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், இந்தமுறை கப்பை உங்கட பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு குடுப்பிப்பம். உண்மையான பிளேயர் குடுத்தால் பெடியளுக்குப் புளுகமா, சந்தோசமா இருக்கும்."

"அப்ப நான் ஆர்?"

"நீங்கள் ஸ்பொன்சர், அங்கிள்."

சரி என்றேன். ஆனால் சும்மா விடவில்லை. இரண்டு கைப்பிடியோடு, குழந்தையை உட்காரவைக்கலாம் போன்ற பெரிய கிண்ணமாக வாங்கி, முன்பக்கம் அடியில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறிப்பித்தேன். யார் கொடுத்தாலும் யாருடைய கிண்ணம் என்று சனத்துக்குத் தெரியவேண்டும்.

மேடையில் அவரிடம் எத்தனை காலம் விளையாடினார் என்று கேட்டார்கள். "ஒரு பருவம். அதிலும் பாதி நாள் மைதானத்துக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன்" என்றார். இனி அவர் மானம் போகும் என்று நினைத்தேன். சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

பிறகு கிண்ணத்தைத் தூக்கினார். இடது கை உயர்ந்தது. வலது கை நெஞ்சுக்கு மேல் வரவில்லை. கிண்ணம் ஒருபக்கம் சரிந்தது. என் பெயர் பொறித்த கிண்ணம் மண்ணில் விழுவதா? முன்வரிசையிலிருந்து பாய்ந்து ஏறி வலது கைப்பிடியைப் பிடித்தேன். அவர் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கினார்.

"நல்ல கனம்" என்றார் டேனிஷில், என் காதோடு. "நீ வாங்கியதுதானே?"

அந்தப் படம் இப்போது மன்ற மண்டபத்தில் தொங்குகிறது. நடுவில் அவர் சிரிக்கிறார். அவருடைய இடது கை என் பெயரை முழுதாக மூடியிருக்கிறது. கிண்ணத்துக்குப் பின்னால் மறைந்த என்னில் தெரிவது ஒரு கையும் அதிலுள்ள மோதிரமும்தான்.

"அது உங்கட கை எண்டு எனக்குத் தெரியும். காணாதே, அது போதாதே?" என்றாள் மனைவி.

"காணாது" என்றேன்.