கரிசலில் விதைத்த ஆற்று நெல்

மாசி மாதம் ஆற்றங்கரை முக்கூடலில் எங்கள் வயலில் பிசான நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் கங்கைகொண்டான் பக்கம் போக நேர்ந்தது. என் தங்கை செண்பகத்தை அங்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளும் மாப்பிள்ளை பிச்சையாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். எப்படியாவது தடுத்து இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று அறுப்பை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

மாட்டுவண்டியில் திருநெல்வேலி வந்து டவுணில் தங்கி, காலை ரயிலைப் பிடித்தேன். மாட்டுவண்டி வந்த வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர், களத்தில் நெல் அம்பாரம். ரயிலில் பத்து மைல்கூட இராது, கங்கைகொண்டானில் இறங்கினால் ஒரு பச்சை இலையைக் காணோம். ஒரே ஜில்லா, ஒரே கலெக்டர்தான். ஆறு மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

அங்கிருந்து ஊருக்கு நாலு மைல், வண்டிக்கூலி ஆறணா.

“இங்கன மழை பொய்ச்சாலும் கம்பும் சோளமும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும் அண்ணாச்சி. உங்க மாப்பிள்ளைதான் நெல்லைப் போட்டுட்டாரே!” என்றார், நான் போகும் வீட்டை விசாரித்த வண்டிக்காரர்.

வீட்டுக்குப் போனால் தொழுவம் காலி. பிச்சையா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“போன வருசம் தைக்கு நீங்க பொங்கப்படியா கொண்டாந்த நெல்லுதான் மச்சான். இவளுக்குக் கம்பங்கஞ்சி தொண்டையில எறங்கல. நம்ம நெலத்துலயே நெல்லு வெளைஞ்சா இவ ஏங்க மாட்டாளேன்னு, குளத்தை நம்பிப் போட்டேன்.”

குளம் கார்த்திகையிலேயே வற்றிவிட்டது. ஆற்று நெல் தண்ணீரில் நின்று பழகிய நெல். கதிர் வாங்கும் முன்பே கருகிவிட்டது. கம்பு போட்டிருந்தால் இவர்களுக்குக் கஞ்சியாவது, மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சியிருக்கும். தீவனம் இல்லாமல் மாட்டையும் விற்றுவிட்டார்.

முக்கூடலுக்கு வாருங்கள் என்றேன். “மாமனார் வீட்டுல உக்காந்து திங்கச் சொல்லுதீகளா?” என்று கேட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் செண்பகம் அழத் தொடங்கினாள்.

“ஆடியிலேயே எனக்குக் கம்பங்கஞ்சி பழகிப்போச்சு அண்ணே. எனக்காக நெல்லு போடப்போறேன்னு இவுக சொன்னதும் சந்தோசத்துல வாயே வரல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டாக. இன்னும் இவுகளுக்குத் தெரியாது. நீயும் சொல்லிராதே.”

நான் சொல்லவில்லை. மறுநாள் அவர்களைத் தூத்துக்குடி ரயிலில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்வரை செண்பகம் என்னைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பியபோது எங்கள் களத்தில் நெல் ஆளுயரம் குவிந்து கிடந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஸ்டேஷனில் மாட்டுவண்டி காலையில் மட்டும்தான் கிடைக்கும். பெண் கொடுத்த வீட்டுக்குப் பொங்கல்படி கொண்டுபோவதானால் அரிசியாகக் குத்திக் கொண்டுபோங்கள், நெல்லாகக் கொடுக்காதீர்கள்.