இட்லிப் பானைக்குப் போன கல்யாணப் புடவை

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கேதான் என் கல்யாணப் புடவையை மாமியார் ஓர் எவர்சில்வர் இட்லிப் பானைக்குப் போட்டுவிட்டார். தாயின் வெள்ளைக் கல்யாணப் புடவையில்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டை தைப்பது என் பிறந்த வீட்டு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஞானஸ்நானம். வெட்டுவதற்காக எடுத்து நாற்காலியில் வைத்திருந்தேன். "மஞ்சளடிச்சிக் கெடந்துச்சே, பழசுன்னுல்லா நெனச்சேன்" என்று மாமியார் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் தருகிறவளுக்குச் சென்னீர்குப்பத்தில் வீடு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

வாசல் முழுக்கத் துணிக் குவியல். நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் புடவை எங்கே என்றேன்.

"கந்தலு அம்பத்தூர் கம்பெனிக்கு மிஷின் தொடைக்கப் போவும். நல்லது கட்றவங்களுக்குப் போவும். உன் வெள்ளப் பொடவ வேலப்பன்சாவடில ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் போயிட்ச்சும்மா."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?" என்று கத்தினேன்.

"உன் ஊட்லதான எனக்குக் குட்த்தாங்க? இன்னாத்துக்குக் கூவுற? வா, போய்ப் பாக்கலாம்" என்று எழுந்து முன்னால் நடந்தாள்.

அங்கே விஷயத்தைக் கேட்டதும் கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். துவைத்து, நீலம் போட்டு, ஓரத்தில் புது லேஸ் தைத்திருந்தார்கள். கதவோரம் நின்ற பெண் என்னைப் பார்க்கவில்லை, புடவையைத்தான் பார்த்தாள். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ! எடுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

பாத்திரக்காரிதான் புடவையைப் பிரித்து, இடுப்பில் சொருகும் முனையைத் தேடி எடுத்தாள். "கொயந்த சட்டைக்கு எம்மாந் துணி வோணும்? இது உள்ள போற பக்கம். வெட்டிகினா யாருக்குத் தெரியப்போவுது?" அந்தப் பெண்ணே ஓடிப்போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தண்ணீர் ஊற்றியதும் மகள் கோயில் அதிர அழுதாள். சட்டை கொஞ்சம் குட்டைதான். "துணி பத்தலியோ?" என்று மாமியார் காதோரம் கேட்டார்.

"மிச்சத்தைக் கட்டிகிட்டு வேலப்பன்சாவடியில ஒருத்திக்குக் கல்யாணம், அத்தை."

அடுத்த முறை பாத்திரக்காரி வந்தபோது மாமியார், பளபளவென்று தேய்த்த இட்லிப் பானையைத் தானே தூக்கி அவள் கூடையில் வைத்தார்.

"அந்தக் கல்யாணப் பொண்ணுட்ட குடுத்துரு."