வேம்படிக்குப் போன குளிர்த்தித் தண்ணீர்

கோட்டைமுனையில் கேதீஸ்வரி இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஏழு வீட்டில் தும்முவார்கள். பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தியின் பழைய டயரில் தண்ணீர் நின்று டெங்கு நுளம்பு பெருகுகிறதென்று சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் பண்ணியது அவள்தான் என்பதும் அப்படித்தான் பரவியது. அது யாருக்கும் தெரியாதென்று நினைத்தவள் அவள் மட்டும்தான்.

பரிசோதகர் வந்தார். ஆனால் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். இரண்டு வீடு தள்ளி வரும்போதுதான் கேதீஸ்வரி சாமியறைச் செம்பை எட்டிப் பார்த்தாள். அம்மை நோய் அண்டாதிருக்கக் கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்கில் வாங்கிவந்த தண்ணீர் அது. உள்ளே நுளம்புப் புழுக்கள் நெளிந்தன. பரிசோதகர் கண்டால் வழக்குத்தான்.

சாமித் தண்ணீரை அழுக்கோடும் கானில் ஊற்ற முடியாது. மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். அவள் வளவோ மூலைவரை சீமெந்து. மதிலுக்கு அப்பால் வினாயகமூர்த்தியின் வேம்பு நின்றது. வேம்படியில் நின்ற அவரிடம் மதிலுக்கு மேலாகச் செம்பை நீட்டினாள்.

“அண்ணே, குளிர்த்தித் தண்ணி. உங்கட வேம்படியில ஊத்திவிடுங்க, கெதியா!”

அவர் செம்புக்குள் பார்த்தார்.

“என்னகா, அம்மாள் மீனும் வளக்கிறாவோ?”

“ஐயோ, மெதுவாக் கதைங்க அண்ணே!”

“போனில நீ மெதுவாவா கதைச்சாய்?”

பரிசோதகர் அவள் கேற்றைத் தட்டினார். வினாயகமூர்த்தி ஊற்றிவிட்டு வெறுஞ்செம்பைக் கொடுத்தார்.

பரிசோதகர் குறையொன்றும் காணாமல் வெளியேறினார். கேதீஸ்வரி கேற்றைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். மதிலுக்கு அப்பால் வினாயகமூர்த்தி மனைவியைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாகா, ஒரு புதினம் சொல்லுறன்!”