பரா அண்ணையும் வெள்ளி ராசாவும்

பரா அண்ணை போய்விட்டார் என்று தொலைபேசி வந்தபோது நான் பிரெஞ்சுப் புறநகரான செவ்ரானில், வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால், மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது. கழுவிவிட்டு அப்படியே ஓடினேன். செத்தவீட்டில் எல்லோரும் முதலில் என் மீசையைப் பார்த்தார்கள். அண்ணை இருந்திருந்தால், "ஒரு பக்கம் இளந்தாரி, மற்றப் பக்கம் பென்சன்காரன்" என்றிருப்பார்.

அவர் மனைவி ராணி அக்கா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார். "தம்பி, மரண அறிவித்தல் குடுக்கவேணும். குகன்ரை பேருக்கு முன்னாலை என்னத்தைப் போட?"

குகன், பரா அண்ணையின் ஒரே தம்பி. 2009இல் வன்னியில் காணாமற்போனவர். நம் அறிவித்தல்களில், இறந்த உறவினரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது வழக்கம். அவர்களின் தாயார் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது, குகனுக்கும் அதைப் போடட்டுமா என்று அறிவித்தல்காரர் கேட்டார். அண்ணை கடை அதிரக் கத்தினார்: "காணாததும் செத்ததும் ஒண்டே?"

அந்தக் கடை, பிரெஞ்சுத் தலைநகரில் ரூ காய் தெருவில் அவர் நடத்திய மரக்கறிக் கடை. நான் அங்கே பெட்டி இறக்குகிறவன். ஒருநாள் என் மகள் பள்ளியில் படித்த எகிப்திய ராசா ஒருவரைப் பற்றி, பெரிய அறிஞன் மாதிரி அண்ணைக்கு விளக்கினேன். ப்சூசெனஸ் என்ற பெயர் வாயில் நுழையாததால் 'வெள்ளி ராசா' என்றேன்.

"முகத்துக்குப் பொன் மூடி, அண்ணை. சவப்பெட்டி மட்டும் வெள்ளி. பாவம், காசு முடிஞ்சிருக்கும்."

பின்னால் நின்ற மகள் சிரித்து, பிரெஞ்சில் திருத்தினாள். அந்த நாட்டில் அப்போது பொன்னைவிட வெள்ளிதான் அரிதாம். கள்ளர் தொடாத கல்லறையாம். பிரெஞ்சுக்காரர் 1940இல் தோண்டி எடுத்தபோது இங்கே யுத்தம், அதனால் ஒருவரும் கவனிக்கவில்லையாம்.

"அப்ப எங்கடை ஆள்தான்" என்றார் அண்ணை, வெங்காயம் நிறுத்தபடி. "சண்டைக்குள்ளை ராசாவெண்டாலும் ஒருத்தரும் திரும்பிப் பாராயினம்."

பிறகு தராசிலிருந்து கையை எடுத்தார். "ஆனா பார், மூவாயிரம் வருசத்துக்குப் பிறகும் ஆள் கிடைச்சிட்டார். குகன் போய் எத்தினை வருசம்? நேற்றைக்குப் போனமாதிரி."

அதற்குப் பிறகு யாராவது குகனைப் பற்றி இழுத்தால், "வெள்ளி ராசாவே கிடைச்சவர்" என்பார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு விளங்கும்.

ராணி அக்காவிடம், "வெறும் பேரைப் போடுங்கோ அக்கா" என்றேன். "குகனின் அன்புச் சகோதரரும்" என்றே அறிவித்தல் வந்தது. தம்பிக்காக அவர் வைத்திருந்த அந்தப் பிடிவாதத்தை இனி நான் வைத்திருக்கிறேன்.

கடையில் நின்ற அத்தனை வருடமும் ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை: அந்த ராசா கிடைத்ததே சவப்பெட்டிக்குள்தானே, அண்ணை.